காரைக்குடியில் ஒரே ஒரு மதியம்: மாளிகையா, மெஸ்ஸா, ஆச்சி வீடா?

"வெள்ளி இரவு பல்லவன் ரயிலில் வந்து இறங்குகிறோம். ஞாயிறு காலை கிளம்பிவிடுவோம். நடுவில் ஒரே ஒரு மதியச் சாப்பாடுதான். எங்கே போகலாம்?"

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் குடியிருப்பதாலும், சாப்பாட்டுக்காகவே ஊர் ஊராகப் போகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டதாலும், மாதம் இரண்டு முறையாவது இந்தக் கேள்வி எனக்கு வருகிறது. முன்பெல்லாம் எனக்குப் பிடித்த மெஸ் ஒன்றைச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லி அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி, நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் காத்து நின்ற அவசரத்தில் பாதி இலையோடு எழுந்து வந்துவிட்டார்கள். அதே மெஸ்ஸுக்குப் போன என் சித்தப்பா மகன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வாழ்நாளில் இப்படியொரு நண்டுக் குழம்பு சாப்பிட்டதில்லை என்றான். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அதனால் இப்போது கடையின் பெயரைச் சொல்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, மசாலா எப்போது அரைத்தது. காரத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. மிளகாயை அள்ளிப் போட்டால் எந்த ஊர்க் குழம்பும் காரமாகிவிடும். செட்டிநாட்டுக் குழம்பில் தேட வேண்டியது மணம். கல்பாசி என்ற மசாலாப் பொருளைத் தனியாக எடுத்து மோந்து பாருங்கள். ஈரமண்ணும் மரப்பட்டையும் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அது தன்னைக் காட்டும். மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, பட்டை, சோம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அன்றைக்கு வறுத்து அன்றைக்கே அரைத்தால் ஒவ்வொன்றும் வாயில் தனித்தனியாகத் தெரியும். என்றைக்கோ அரைத்த பொடியில் எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாகிவிடும்.

இரண்டாவது, வேறெங்கும் கிடைக்காத எது இலைக்கு வரும் என்பது. செட்டிநாடு கோழி மதுரையிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. பலாக்கொட்டை மாங்காய் மண்டி என்ற புளிக்குழம்பு, கத்திரிக்காயை மசித்து வைக்கும் கோசுமல்லி, வெள்ளைப் பணியாரம், கறுப்பரிசியில் செய்யும் கவுனி அரிசி இனிப்பு ஆகியவற்றுக்குத்தான் இவ்வளவு தூரம் வர வேண்டும்.

மூன்றாவது, எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும். இதைத்தான் வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. இந்த ஊர்ச் சமையலில் நல்லது எல்லாம் முதல் நாளோ விடியற்காலையிலோ தொடங்குகிறது. கவுனி அரிசியை இரவே ஊறவைக்க வேண்டும். பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் அன்று காலையில் ஊற வேண்டும். நண்டு வேண்டுமென்றால் விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் வரும் செய்தி அடுப்படிக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் இலை அமையும்.

மற்ற இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை: கடைசியில் கையை விட்டுப் போகும் மொத்தப் பணம், கூட வருகிறவர்கள் யார் என்பது.

## மாளிகை ஹோட்டல்

பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து போய்த் தொழில் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய வீடுகளில் சில இன்று ஹோட்டல்களாகியிருக்கின்றன. காரைக்குடியில் 1999 முதல் நடக்கும் 'பங்களா' என்ற ஹோட்டல், கானாடுகாத்தானில் விசாலமும் செட்டிநாடு மேன்ஷனும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று பல உண்டு. தங்காமல் சாப்பிட மட்டும் போக விரும்பினால், முன்பே தொலைபேசியில் சொல்லி, இடம் உண்டு என்ற பதிலைக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

மணத்துக்கு இங்கே பெரும்பாலும் குறை இருக்காது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்தே சமைப்பதால் மசாலா அன்றன்று அரைபடுகிறது. மண்டி, பிரட்டல், உப்புக்கறி, நண்டு ரசம் என்று ஒரே இலையில் பத்துப் பதினைந்து வகை பார்க்கலாம். மெஸ்ஸில் இந்த வரிசை கிடைக்காது. பெரியவர்களுக்கு வசதியான நாற்காலி, சுத்தமான கழிப்பறை, யாரும் பின்னால் நின்று அவசரப்படுத்தாத நிம்மதி, சாப்பிட்ட பிறகு ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வளவில் (உள்முற்றத் தாழ்வாரத்தில்) கால் குளிர நடக்கும் சுகம் எல்லாம் இதில் சேர்த்தி.

ஆனால் ஒரு விஷயத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாளிகையில் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்பு வந்தது. நிறம் இருந்தது, புளிப்பு இருந்தது, மிளகாய் இருந்த சுவடே இல்லை. பரிமாறிய தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன். "இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் இருபது பேர் வந்திருக்கிறார்கள் ஐயா, ஒரே சட்டியில்தான் வைத்தோம்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனவர், சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றோடு திரும்பி வந்தார். வேலை செய்கிறவர்களுக்காக வைத்த குழம்பு அது. மேலே நல்லெண்ணெய் செம்பு நிறத்தில் மிதந்தது. ஓரத்தில் உரித்த பூண்டு முழுசு முழுசாகக் கிடந்தது. முதல் குழம்பை ஒதுக்கிவிட்டு அதையே கடைசிவரை பிசைந்து சாப்பிட்டேன். அன்றிலிருந்து பதிவு செய்யும்போதே "வீட்டில் சாப்பிடும் காரம் வேண்டும்" என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் செய்துதருகிறார்கள்.

செலவில் மறைந்திருப்பவை மூன்று. ஒன்று வரி. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலென்றால் சாப்பாட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். மற்ற உணவகங்களில் 5 சதவீதம்தான். ஆறு பேர் சாப்பிட்டால் இந்த வித்தியாசம் ஒரு ஆளின் சாப்பாட்டு விலைக்கு அருகில் வந்துவிடும். இரண்டாவது வண்டிக் கூலி. கானாடுகாத்தான் காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஆட்டோவைக் காக்க வைத்துத் திரும்பினால் அதற்கும் கூலி உண்டு. மூன்றாவது நேரம். போக, சாப்பிட, வர மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். பில்லில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அதைக் கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை வழிகாட்டுதல் அப்படிச் சொல்கிறது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பரிமாறியவர் கையில் நேராகக் கொடுப்பது வேறு. அதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

## டவுன் மெஸ்

பகல் பன்னிரண்டரைக்குப் போங்கள். ஒன்றரைக்குப் போனால் கூட்டம். இரண்டேகாலுக்குப் போனால் நீங்கள் நினைத்து வந்தது தீர்ந்திருக்கும். மெஸ்ஸின் பலமே அந்தத் தீர்ந்துபோவதில்தான் இருக்கிறது. காலையில் அரைத்த மசாலா மதியத்துக்குள் செலவாகிவிடுகிறது, மறுநாளைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மணம் என்ற ஒன்றில் மட்டும் பார்த்தால் நல்ல மெஸ்ஸின் கோழிக் குழம்பு எந்த மாளிகைக்கும் இளைத்ததில்லை.

இலை போட்டதும் பொரியல், கூட்டு, அப்பளம் வரும். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு என்று வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றும். எதைக் கேட்டாலும் ஊற்றுவார்கள். பிறகு ரசம், மோர். காய்கறி வகைகளில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மண்டியோ கோசுமல்லியோ இங்கே கிடைப்பது அபூர்வம்.

பணம் எங்கே கரைகிறது என்றால் அந்தத் தட்டில். சோறு விழுந்த கையோடு ஒருவர் பெரிய தட்டு ஒன்றில் சுக்கா, காடை, நண்டு, இறால், மீன் வறுவல் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார். பசி நேரம், கண்ணெதிரே கறிவேப்பிலையோடு மினுமினுக்கும் காடை. நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு தலையசைப்பு அசைத்தால், சாப்பாட்டு விலையைப்போல் மூன்று மடங்கு பில் வந்து நிற்கும். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, கேட்டால் சொல்வார்கள். தட்டு வரும்போதே விலையைக் கேட்டு, நான்கு பேருக்குப் பொதுவாக இரண்டு கிண்ணம் எடுத்துவிட்டு, பிடித்திருந்தால் மேலும் வாங்கலாம். ஒரு கிண்ணம் சுக்காவில் எத்தனை துண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் ஒருவர் கூட வந்தால் மெஸ்ஸைத் தவிர்ப்பது நல்லது. அவருக்குக் கிடைப்பது சாம்பாரும் பொரியலும்தான்; பக்கத்து இலையில் நண்டு ஓட்டை உடைக்கும் சத்தத்துக்கு நடுவே அதையும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

## ஆச்சியிடம் சொல்லிவைத்துச் சாப்பிடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை. பலகாரம் செய்து விற்கும் ஆச்சிகள், கல்யாண வீடுகளுக்குப் போகும் சமையல்காரர்கள் ஆகியோரில் பலர், முன்கூட்டியே சொன்னால் ஆறு பேருக்கோ பத்துப் பேருக்கோ சமைத்துத் தருவார்கள். தூக்குச் சட்டிகளில் கொடுத்தனுப்புகிறவர்கள் உண்டு. தம் வீட்டிலேயே இலை போட்டுப் பரிமாறுகிறவர்களும் உண்டு. பலகைக்கும் விளம்பரத்துக்கும் இதில் இடமில்லை. நீங்கள் தங்கும் விடுதியில் கேளுங்கள், முறுக்கும் சீப்புச் சீடையும் விற்கும் வீட்டில் கேளுங்கள், ஊரில் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவரைக் கேளுங்கள். இரண்டாவது ஆளிடமே விலாசம் கிடைத்துவிடும்.

நான் வழக்கமாகச் சொல்லிவைக்கும் ஆச்சிக்கு எழுபது வயதிருக்கும். தொலைபேசியில் அவர் முதலில் கேட்பது, "எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை?" அடுத்தது, "செவ்வாய் வெள்ளி இல்லையே?" அந்த இரண்டு நாளும் அவர் அடுப்பில் அசைவம் ஏறாது. அதன் பிறகு அவர் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன். "மாங்காய் நன்றாக வந்திருக்கிறது தம்பி, மண்டி வைக்கிறேன். கத்திரிக்காய் வேண்டாம், பிஞ்சாக இல்லை." இப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் எந்த உணவகத்திலும் கிடையாது. மெனு அட்டையில் எழுதியது எழுதியதுதான், கத்திரிக்காய் முற்றியிருந்தாலும் வந்துதான் தீரும்.

மண்டி என்பது அரிசி களைந்த தண்ணீரில் வைப்பது. அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுதான் குழம்பைக் கெட்டியாக்குகிறது. தேங்காய் வேண்டாம், பருப்பு வேண்டாம். புளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு. மாங்காய்த் துண்டு தோலோடு வெந்து, பலாக்கொட்டை மாவாக இருக்கும். சோற்றில் போட்டுப் பிசைந்தால் புளிப்பு முதலில் வந்து, காரம் தொண்டையில் தாமதமாக எட்டிப் பார்க்கும். பழைய சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

வெள்ளைப் பணியாரத்தை அவர் அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார். கோபுரம் சரியும்போது நிறுத்துவார், அளவு அவ்வளவுதான். ஊறியதை வெண்ணெய்போல அரைத்து, கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை. குழிவான கரண்டியில் மொண்டு காயும் எண்ணெயின் நடுவில் ஊற்றியதும் மாவு அடியில் போய் உட்காரும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரம் பூப்போல விரிந்து தானாக மேலே வரும். நிறம் மாறுவதற்குள் திருப்பி, எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் அதை ஆச்சி இலையில் வைக்கமாட்டார், தனியாக எடுத்து வைத்துவிடுவார். ஓரம் மொறுமொறுவென்றும் நடு பஞ்சுபோலவும் இருக்கும் அந்த நிலை ஐந்து நிமிடம்கூட நிற்காது. அதனால்தான் இதைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள், "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கிறார்கள். வரமிளகாய்ச் சட்னியோடு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பண்டம் அது.

சைவக்காரர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இந்த வழியைத்தான். செட்டிநாடு என்றால் கறி, கோழி என்று வெளியில் ஒரு எண்ணம் வேரூன்றிவிட்டது. நகரத்தார் கல்யாண விருந்து சைவம்தான். இந்த ஊரின் மிக நுட்பமான கைவேலையெல்லாம் பணியாரம், பருப்பு மாவில் கிண்டும் இனிப்பான கும்மாயம், பச்சடி, பிரட்டல், மண்டி ஆகியவற்றில்தான் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர் எதையும் இழக்கவில்லை. சரியான அடுப்படிக்குப் போனால் போதும்.

இனி சங்கடங்கள். தனியாளாகவோ இருவராகவோ வந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அடுப்பு மூட்டும் செலவுக்கே கட்டாது. எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டு ஆறு பேர் வந்தாலும் எட்டுப் பேருக்கான பணத்தைத்தான் கொடுக்க வேண்டும்; ஒரு முறை அப்படிக் கொடுத்தேன், அதுதான் நியாயமும்கூட. நண்டு, இறால் விலை அன்றைய மார்க்கெட்டைப் பொறுத்தது, முன்கூட்டி உறுதியாகச் சொல்லமாட்டார்கள். முன்பணம் கொடுக்க வேண்டியிருக்கும். தை, ஆனி, ஆவணி முகூர்த்த நாட்களில் சமையல்காரர்கள் கல்யாண வீடுகளில் இருப்பார்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிப் பாதயாத்திரை புறப்படும் சமயத்திலும் ஆள் கிடைப்பது கடினம். பார்சலாக வாங்கினால் விடுதி அறையில் இலை போட இடம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஒரு மணி என்றால் ஒரு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும்.

## நெடுஞ்சாலையில் "செட்டிநாடு" பலகை

திருச்சி – ராமேஸ்வரம் சாலையில் இருபுறமும் பார்க்கலாம். கார் நிறுத்த இடம், ஏசி, குழந்தைகளுக்கு நூடுல்ஸ், இரவு பத்தரைக்கும் திறந்திருக்கும் கதவு. பல்லவனில் வந்து இறங்கிய இரவு பசியோடு நிற்பவர்களுக்கு இப்படி ஒரு கடை போதும், நானும் போயிருக்கிறேன்.

ஒரே ஒரு மதியத்தை இங்கே செலவழிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு கடையில் செட்டிநாடு கோழி, மிளகுக் கோழி, நாட்டுக்கோழி மசாலா மூன்றையும் வாங்கி வரிசையாக வைத்துச் சாப்பிட்டோம். மூன்றுக்கும் அடியில் இருந்தது ஒரே குழம்பு. ஒன்றில் மிளகுப்பொடி தூவியிருந்தார்கள், ஒன்றில் எலும்பு அதிகம். விரலில் ஒட்டிய சிவப்பு சோப்புப் போட்டும் போகவில்லை. இங்கே இட்லியோ தோசையோ கேளுங்கள், சூடாக வரும்.

## ஒரே பார்வையில்

| | மாளிகை | மெஸ் | ஆச்சி சமையல் | நெடுஞ்சாலைக் கடை |
|---|---|---|---|---|
| மசாலா | அன்றன்று. காரம் குறைந்திருக்கலாம் | அன்றன்று | உங்களுக்கென்றே | பெரும்பாலும் பொடி |
| அபூர்வ வகைகள் | நிறைய | குறைவு | கேட்டது எல்லாம் | இல்லை |
| முன்னறிவிப்பு | முதல் நாளே | தேவையில்லை | இரண்டு நாள் முன் | தேவையில்லை |
| செலவு | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் |
| மறைசெலவு | வரி, வண்டி, நேரம் | தட்டில் வரும் கிண்ணங்கள் | வராதவர் பங்கு, முன்பணம் | ஒரே குழம்புக்கு மூன்று பெயர் |
| எத்தனை பேருக்கு | இருவர் முதல் | தனியாள், நால்வர் | ஆறு பேர் முதல் | யாருக்கும் |

## யார் எங்கே போகலாம்

நடக்கச் சிரமப்படும் பெற்றோரோடு வருகிறவர்கள், செட்டிநாட்டுக்கு இதுவே முதலும் கடைசியுமான பயணம் என்று நினைக்கிறவர்கள், வீட்டையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிற தம்பதிகள் மாளிகைக்குப் போகலாம். திருமயம் கோட்டை பார்க்கத் திட்டமிருந்தால் கடியாபட்டிப் பக்கம் வசதி.

தனியாக வந்தவருக்கும், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிவிட்டு மூன்று மணிக்குள் பஸ் பிடிக்க வேண்டியவருக்கும் மெஸ்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பன்னிரண்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

குடும்பமாக, நண்பர் கூட்டமாக ஆறு பேரோ அதற்கு மேலோ வருகிறவர்களும், எத்தனை பேரானாலும் சைவக்காரர்களும் முதலில் ஆச்சி வீட்டை விசாரியுங்கள். மறுத்தால் மாளிகைக்குப் போகலாம். கையில் இரண்டு நாள் இருந்தால் ஒரு மதியம் மெஸ், ஒரு மதியம் ஆச்சி என்று பிரித்துக்கொள்வேன். மாளிகையில் மாலை நேரத்தில் ஒரு காப்பி குடித்தாலே வீட்டைப் பார்த்த திருப்தி வந்துவிடும். அதற்கும் முன்பே கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. பெரியவர்கள் ஆறு, பிள்ளைகள் இரண்டு, மாப்பிள்ளை சைவம். நேற்றே ஆச்சியைக் கூப்பிட்டுவிட்டேன். நாட்டுக்கோழிக் குழம்பு, மண்டி, வாழைப்பூப் பொரியல், கடைசியில் கவுனி அரிசி. பணியாரத்தைப் பற்றி நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "பன்னிரண்டே முக்காலுக்கு வந்து உட்கார்ந்துவிடச் சொல் தம்பி, அதன் பிறகுதான் எண்ணெய் வைப்பேன்."